சுண்ணாம்பு மலையில் பெரட்டு

போத்தலுக்குள் செத்துக் கிடந்த ஜந்து திரும்பிப் படுத்திருந்தது.

ஒரு மாதமாக அதன் தலை சுவர்ப்பக்கம்தான் இருந்தது. அமலதாஸ் அதை ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டு, பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்து வந்த ஸ்பிரிட்டை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, சாப்பாட்டு மேசைக்கு மேலே இருந்த பலகையில் வைத்திருந்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து வந்து பார்த்தால் தலை சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணே இல்லாத பிராணி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று அவன் சொல்லிக்கொண்டாலும், யாரோ தன் பொருளைத் தொட்டிருக்கிறார்கள் என்ற எரிச்சல் அவனுக்கு வந்துவிட்டது.

"ஃப்ளோரா" என்று கூப்பிட்டான்.

"வந்துட்டேங்க" என்று அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். அவள் அப்படித்தான். அடுப்பில் குழம்பு பொங்கினாலும் சரி, புருஷன் கூப்பிட்ட மறுநிமிடம் வந்து நிற்பாள். மகளுக்கும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

போத்தலைத் தொடவில்லை என்று ஃப்ளோரா சொன்னாள். அதைப் பார்த்தால் சோறு இறங்குவதில்லை என்பதால் தினமும் ஒரு துணியைப் போட்டு மூடி வைப்பதாகவும் சொன்னாள். அமலதாஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளிடம் விஞ்ஞானம் பேசி என்ன பயன் என்று நினைத்தபடி, பலகையில் கிடந்த அந்தத் துணியை எடுத்து மூலையில் எறிந்தான்.

விரல் நீளம்தான் அது. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கின் வெளுப்பு. கழுத்துக்கு இரண்டு பக்கமும் சிவந்த பஞ்சுக் குஞ்சம் போலச் செவுள்கள். பல்லி மாதிரி உடம்பு, ஆனால் பல்லி இல்லை. அது சாலமாண்டர். இந்த நாட்டில் எந்தக் குகையிலும் எந்த மலைக்காட்டிலும் சாலமாண்டர் கிடையாது என்று அவனிடம் இருந்த புத்தகங்கள் எல்லாம் சத்தியம் செய்தன. அதைப் பிடித்து வந்தது யார் என்றால் ஃப்ளோராவின் அண்ணன் ராஃபேல். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அப்பால், செம்பனைக் காடு முடிகிற இடத்தில் இருக்கும் சுண்ணாம்பு மலைக் குகையில் வௌவால் எச்சத்தை வெட்டி, சாக்கில் கட்டி, காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சீன முதலாளித் தவுக்கேக்கு உரமாக விற்கிற ஆள். பிடித்ததை, "தண்ணிப் பல்லி, பாப்பாவுக்குக் காட்டலாம்னு" என்று ஒரு பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு வந்தான். வந்து சேர்வதற்குள் அது செத்துவிட்டது. உலகமே தேடுகிற ஒரு பிராணியைப் பால் ஐஸ் மாதிரி பையில் போட்டுக் கொண்டு வந்தவனை அமலதாஸ் எந்தப் பட்டியலில் சேர்ப்பான்?

கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரிடம் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினான். அவர் சிரித்துவிட்டார். மீன்தொட்டிக் கடையில் மெக்சிகோ நாட்டு ஜந்து காசுக்குக் கிடைக்கிறதே வாத்தியார், உயிரோடு ஒன்று பிடித்து, அது இருக்கிற தண்ணீரிலேயே படம் எடுத்து வாருங்கள், அப்புறம் உங்கள் பெயரையே அதற்கு வைக்கலாம் என்றார். கேலிக்குத்தான் சொன்னார். அமலதாஸ் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து குளிக்கும்போது தன் பெயரை லத்தீன் வாலோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கோல சிலாங்கூர்ப் பள்ளிக்கூடத்தில் தவளை அறுத்துக் காட்டியே கிழவனாகிவிடப் போகிறோம் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, செத்த பிறகும் புத்தகத்தில் நிற்கிற ஒரு பெயர் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

புறப்படும்போது ஃப்ளோரா சோற்றுப் பொட்டலங்களைக் காரில் வைத்தாள். அவள் புதிதாக வாங்கிய அரிசிச் சல்லடையை வலைக்குப் பதிலாக அவன் எடுத்துக்கொண்டதைப் பார்த்தாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு இதை மட்டும் சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு கோயில்ல அண்ணனுக்கு மூணாவது கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. பொண்ணு மாடில்டா வீட்டுல பந்தலுக்குச் சொல்லியாச்சு. அண்ணனை முன்னால தள்ளிட்டு நீங்க பின்னால நிக்காதீங்க. ரெண்டு பேரும் வந்து சேரணும்."

"உங்க அண்ணன் எலி மாதிரி. பொந்துல அவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான் அமலதாஸ்.

மகள் ஓடி வந்து கையாட்டினாள். அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

அசாம் ஜாவா தாண்டி, பத்தாங் பெர்ஜுந்தாய்ச் சந்தியில் ராஃபேல் ஏறிக்கொண்டான். குளித்துத் தலைவாரி, பவுடர் போட்டிருந்தான். ஆனாலும் அமலதாஸ் ஜன்னலைத் திறந்துகொண்டான். கல்யாணமான நாள் முதல் இவனை ஒருநாளும் மச்சான் என்று அவன் அழைத்ததில்லை. ராஃபேலோ வார்த்தைக்கு வார்த்தை மாப்பிள என்றான். கோட் வாங்கியாச்சு மாப்பிள, பேண்டு வாத்தியம் வேணாம்னு அவங்க வீட்டுல சொல்றாங்க மாப்பிள என்று பேசிக்கொண்டே வந்தான். அமலதாஸ் ரேடியோவைக் கூட்டி வைத்தான்.

செம்பனை வரிசைகள் முடிந்ததும் மலை சட்டென்று எழுந்து நின்றது. வெளுத்த பாறை, இடுக்கெல்லாம் கொடி, அடியில் ஒரு பக்கமாகக் கோணிய வாய் போலக் குகை. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் ராஃபேல் செருப்பைக் கழற்றினான், சிலுவை போட்டுக்கொண்டான், எப்போதும் வேலைக்குக் கொண்டுபோகும் சங்குல் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினான். அதன் மரக்காம்பால் பாறையில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினான்.

"உள்ள போனா இப்படித்தான் மாப்பிள. நான் தட்டுவேன், நீங்க கல்லால ஒண்ணு தட்டுங்க. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. யார் பேரையும் சொல்லக்கூடாது. நாங்க எல்லாரும் அப்படித்தான் வேலை செய்யறோம்."

"சொன்னா?"

"கூப்பிட்ட ஆள்தான் வருவான்னு சொல்ல முடியாது லா."

அமலதாஸுக்குச் சிரிப்பு வந்தது. படித்தவன் ஒருவன் கையில் சல்லடையோடு நிற்கிறான், பாடம் நடத்துகிறவன் வௌவால் சாணி அள்ளுகிறவன். இதையெல்லாம் பிறகு ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

உள்ளே போகப் போக வெளிச்சம் முதலில் பச்சையாகி, பிறகு சாம்பலாகி, ஒரு வளைவில் அடியோடு அறுந்து போனது. எச்சத்தின் நெடி மூக்கை அரித்துக் கண்ணில் நீர் வரவைத்தது. கால் வைக்கிற இடமெல்லாம் பொதபொதவென்று அமுங்க, கரப்பான்கள் அந்த மெத்தைமேல் சலசலவென்று விலகி ஓட, தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் ஆயிரம் வௌவால்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, யாரோ பெரிய கூட்டத்தில் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல ஓயாமல் முணுமுணுத்தன. ராஃபேலின் விளக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனது. பிறகு வௌவால்களின் முணுமுணுப்பு நின்றது. கரப்பானும் இல்லை. நெடி குறைந்து அந்த இடத்தில் வேறொரு வாசனை வந்தது. நாள்பட்ட ஈரத்துணியும் காலை நேரத்து மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. எங்கேயோ முகர்ந்ததுதான், எங்கே என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

ஓரிடத்தில் பாறை தாழ்ந்து, வயிற்றால் ஊர்ந்து போகிற அளவுக்கு ஒரு பொந்து மட்டும் இருந்தது. சட்டை முழுக்கச் சேறாக அமலதாஸ் அதில் நுழைந்து மறுபக்கம் எழுந்தான். அது ஒரு பெரிய அறை. பாதிக்கு மேல் தண்ணீர். கறுத்து, அசையாமல், டார்ச்சை அடித்தால் வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு எதையும் திருப்பித் தராத தண்ணீர்.

ஜந்து கிடைத்தது இடது பக்கம் தண்ணீரில் துருத்தி நின்ற பாறைக்குப் பின்னால்தான் என்று ராஃபேல் கை காட்டினான். ஓரமாகப் போனால் தண்ணீர் இடுப்பளவுதான், இரண்டு பேரும் போகலாம் என்றான். அமலதாஸ் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தான். சல்லடையை ராஃபேல் கையில் கொடுத்தான். காமிராவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டான். ராஃபேல் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான். அவன் விளக்கு தண்ணீர்மேல் மெல்ல நகர்ந்து, பாறையைச் சுற்றிக்கொண்டு மறைந்தது.

டொக்.

அமலதாஸ் கல்லை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான்.

டொக்.

தட்டினான்.

இப்படியே போயிற்று. பத்துப் பதினைந்து தட்டுக்குப் பிறகு அவனுக்குச் சலித்துவிட்டது. ஒரு பட்டதாரி கல்லைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று அவனுக்கே கேவலமாக இருந்தது. என்ன ஆயிற்று, கிடைத்ததா என்று உரக்கக் கேட்டான். டொக். அவ்வளவுதான். வாய் இருக்கிறவன் பேசினால் என்ன?

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

அமலதாஸின் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி. விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் அவர் குரல்தான் ஒலிக்கும். மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கால் இழுத்து இழுத்துக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் "வந்துட்டேங்க" என்று ஓர் அடி முன்னால் வர வேண்டும். பெயர் தொடர்ந்து வருகிறவரை வரிசை அசையக்கூடாது. அப்பா செத்து வருஷக்கணக்காகிறது. அந்தக் குரலை அமலதாஸ் அச்சாகப் பேசிக் காட்டுவான். விருந்துகளில் இரண்டு பெக் உள்ளே போனதும் ஆசிரியர்கள் அதைத்தான் கேட்பார்கள். தோட்டத்து ஆட்களில் அவனுக்குத் தெரிந்தது நாலைந்து பெயர்கள்தான். மற்றவர்கள் எல்லாம் அவனுக்கு "ஏய்", "இந்தாப்பா". பெரட்டில் கேட்டுக் கேட்டுப் பதிந்த அந்த நாலைந்தைச் சொல்லி, கூன் விழுந்த நடையையும் நடுங்குகிற பதிலையும் அவனே நடித்துக் காட்டினால் கூடம் அதிரும்.

எழுந்து நின்றான். டார்ச்சை விளக்குப் போலத் தூக்கிப் பிடித்தான். மூக்கால் இழுத்தான்.

"வீ...ர...ன்."

குரல் அறையைச் சுற்றி வந்தது. அது அடங்குமுன் பாறைக்குப் பின்னாலிருந்து டொக் டொக் டொக் டொக் என்று படபடவென்று தட்டு வந்தது. ராஃபேல் பயந்துவிட்டான். அமலதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நாகமணி. செல்லையா."

"வந்துட்டேங்க."

தண்ணீருக்கு அருகிலிருந்து வந்தது. கிழட்டுக் குரல். தொண்டையில் சளி கட்டிய குரல். ராஃபேலுக்கு இவ்வளவு நன்றாக நடிக்கத் தெரியுமா? பரவாயில்லையே என்று சொல்ல வாயெடுத்தான்.

டொக் டொக் டொக் டொக். தட்டு வந்தது பாறைக்குப் பின்னாலிருந்து. இடது பக்கம், தூரத்தில்.

குரல் வந்தது வலது பக்கம். கிட்டத்தில்.

டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினான். தண்ணீரின் ஓரத்தில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. அமலதாஸின் நெஞ்சு குதித்தது, பயத்தில் அல்ல. சிவந்த பஞ்சுக் குஞ்சம். கண் இல்லாத, மொழுமொழுவென்ற தலை. ஒன்று இல்லை, பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. உயிரோடு, அது இருக்கிற தண்ணீரிலேயே. பேராசிரியரின் சிரிப்பு அவன் காதில் செத்தது. காமிராவைக் கண்ணில் வைத்து அழுத்தினான்.

பளீரென்று அறை முழுவதும் ஒரு கணம் வெளுத்தது.

அவை நீந்தவில்லை. நின்றன.

வரிசையாக நின்றன. மனித உயரத்துக்கு. தண்ணீர் முழங்காலில் நிற்க, வெளுத்த கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, கிராணி முன்னால் ஆட்கள் நிற்பது போலவே பணிவாக நின்றன. ஒவ்வொரு கையிலும் நாலே விரல். வாய்கள் லேசாகத் திறந்திருந்தன. வரிசையின் முடிவு வெளிச்சத்துக்கு எட்டவில்லை.

இருட்டு மறுபடி விழுந்தது. டார்ச்சின் மஞ்சள் வட்டத்தில் இரண்டு மூன்று முகங்கள் மட்டும்.

அமலதாஸ் பெயர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அந்த மௌனத்தில், தண்ணீர் ஒரே நேரத்தில் சளக் என்றது. எல்லாம் சேர்ந்து ஓர் அடி முன்னால் வைத்தன.

இன்னொரு சளக்.

"ஐயாவு" என்று அலறினான். அது அவன் குரலாக வரவில்லை. மூக்கால் இழுத்த அப்பாவின் குரலாகத்தான் வந்தது.

நின்றன.

"வந்துட்டேங்க" என்றது ஒன்று, நடுவிலிருந்து. ஐயாவு கொள்ளிக்கட்டை மாதிரி மெலிந்த மனிதன். அவன் செத்த அன்று அமலதாஸ் பள்ளிக்கூடப் பையன். அவன் குரல்தான் இது.

பெயர் வந்தால் நிற்கின்றன. பெயர் நின்றால் வருகின்றன. அது அவனுக்குப் புரிந்துவிட்டது. பொந்து அவன் முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அதில் நுழைய வேண்டுமானால் இவற்றுக்கு முதுகைக் காட்டிக் குப்புறப் படுக்க வேண்டும். படுத்தான். தலையை நுழைத்தான். சளக், சளக், சளக். குளிர்ந்த ஏதோ ஒன்று, அவசரமே இல்லாமல், அவன் கணுக்காலைச் சுற்றிப் பிடித்தது.

உதறிக்கொண்டு எழுந்தான். "சேது."

நின்றன. வந்துட்டேங்க.

அவ்வளவுதான். தெரிந்த பெயர்கள் தீர்ந்தன.

அப்பா தினமும் நூற்றுக்கும் மேலே கூப்பிடுவார். அந்த நூறு பேர் தூக்கி வளர்த்த பையன் இவன். பால் வாளி சுமந்தவள் பெயர் என்ன? சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் பெயர்? வாசலில் காவல் நிற்கிற ஜாகா? பள்ளியில் தேநீர் கொண்டு வருகிறவள்? இந்தாப்பா. ஏய். இந்தாம்மா.

சளக்.

தலைமையாசிரியர் பெயரைக் கத்தினான். பதில் இல்லை. சளக். பேராசிரியர் பெயர். சளக். அந்தோணியார் பெயர், மாதா பெயர். ஒன்றும் செல்லவில்லை. இவன் கூப்பிட்டால் வருகிறவர்களின் பெயர்தான் பெரட்டில் செல்லும். தன் பெயரையே கூப்பிட்டுப் பார்த்தான். புத்தகத்தில் நிற்க வேண்டிய பெயர். "அமலதாஸ்."

அந்த வரிசையில் எதற்கும் அது வேண்டியிருக்கவில்லை.

சளக். முன்னால் நின்றதன் மூச்சு முகத்தில் பட்டது. ஈரத்துணியும் மண்ணெண்ணெயும்.

டொக் டொக் டொக் டொக். பாறைக்குப் பின்னால் ராஃபேல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். அமலதாஸை இங்கே விட்டுவிட்டு ஓடாமல், வழி காட்டுகிற மாதிரி, விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். கோட் வாங்கி வைத்திருக்கிறவன்.

அமலதாஸ் தெரிந்தேதான் வாயைத் திறந்தான்.

"ராஃபேல்."

தட்டு நின்றது.

அந்தப் பக்கம் எதுவோ தண்ணீரில் மெல்ல இறங்கியது. சல்லடை ஒன்று மிதந்து வந்து அவன் சப்பாத்தில் இடித்தது. வரிசையில் ஒன்று நகர்ந்து இடம் விட்டது. அங்கே, வாரிய தலைமுடி கரைந்து வழிய, கண்கள் இருந்த இடத்தில் தோல் மூடிக்கொண்டே வர, ஒரு முகம்.

"வந்துட்டேங்க, மாப்பிள."

அமலதாஸ் அழுதான். மச்சான் என்றான். மன்னிச்சிடு என்றான். அவை கேட்டன. ஆனால் அந்த வார்த்தைகள் பெயர் இல்லை.

சளக்.

இன்னும் இரண்டு பேர்தான் அவன் கூப்பிட்டால் வருகிறவர்கள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். விரலைக் கடித்தான். ரத்தம் வந்தது. நாலு விரல்கள் அவன் மணிக்கட்டில் விழுந்தன. இன்னும் நாலு. தண்ணீருக்குள் இழுத்தன, மெதுவாக, மரியாதையாக. முழங்கால். இடுப்பு. மார்பு.

கழுத்துக்குத் தண்ணீர் வந்தபோது அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஃப்ளோரா."

பிடி விட்டது.

ஈரக் கையைத் துணியில் துடைக்கிற சத்தம். பிறகு, பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி, அவசரமாக, அன்பாக: "வந்துட்டேங்க."

வெளுத்த வரிசை இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு விலகி நின்றது. டார்ச் மங்கிக்கொண்டே வந்தது. கைகட்டி, தலைகுனிந்து, அவை காத்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்பின. ஃப்ளோராவின் பக்கத்தில் மறுபடி ஓர் இடம் விலகியது. குறுகலான இடம். தண்ணீர்மட்டத்திலிருந்து ஒரு முழ உயரம்தான் இருக்கும். அந்த இடத்தின் இரண்டு பக்கமும் நின்றவை, சின்னக் கைகளைப் பிடித்துக்கொள்வதற்காக, கட்டியிருந்த கைகளை அவிழ்த்துக் கீழே தொங்கவிட்டன.

சளக்.